சீனி வருத்தத்துக்கு எங்கே மருந்தெடுப்பது? வன்னியில் இருப்போருக்கு ஒரு வழிகாட்டி

விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் பார்த்து "சீனி கூடியிருக்கு" என்று சொன்ன அன்றே வீட்டில் ஆலோசனை தொடங்கிவிடும். "யாழ்ப்பாணம் கொண்டுபோய்ப் பெரிய டொக்டரிட்டக் காட்டுங்கோ, காசு நான் போடுறன்" என்பார் சுவிசில் இருக்கும் தம்பி. பக்கத்து வீட்டு அக்கா பாகற்காய்ச் சாறும் நாவல் விதைத் தூளும் சொல்லுவா. மகன் ரவுணில் பின்னேரம் நடக்கும் தனியார் கிளினிக்கில் நம்பர் எடுத்து வைத்திருப்பார். ஊர் வைத்தியசாலைத் தாதியோ "இஞ்சயே கிளினிக் நடக்குது ஐயா, வந்து கொப்பி போடுங்கோ" என்பார். எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்ப்பவர்கள் மூன்று கொப்பி, நாலு வகைக் குளிசை, ஒருவருக்கும் முழு விபரம் தெரியாத ஒரு வருத்தம் என்று வந்து நிற்கிறார்கள்.

நீரிழிவு பத்து நாள் மருந்தில் மாறும் காய்ச்சல் இல்லை. நாற்பது வயதில் பிடிபட்டால் இன்னும் முப்பது, நாற்பது வருடம் அதோடு வாழ வேண்டும். ஆகவே எங்கே மருந்தெடுப்பது என்று முடிவெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வைத்தியரின் பெயரை அல்ல. விதைப்பு, வெட்டு, மழை, பஸ் இல்லாத நாள், கையில் காசில்லாத மாதம் எல்லாவற்றையும் தாண்டி, மாதா மாதம் அந்த இடத்துக்கு என்னால் போய்வர முடியுமா என்பதையே பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் 1977 இல் தொடங்கி 1998 இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்று, சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் சிறு இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்ததைக் காட்டியது. அந்தப் பலன் கிடைத்தது ஆண்டுக்கணக்கில் விடாமல் மருந்தெடுத்ததால். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

ஊர் வைத்தியசாலையா, மாவட்ட வைத்தியசாலையா?

தர்மபுரம், அக்கராயன்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற இடங்களில் உள்ள பிரதேச வைத்தியசாலையை "சின்ன ஆசுப்பத்திரி" என்று ஒதுக்கிவிடுவது எங்கள் பழக்கம். குளிசை மட்டும் எடுக்கிற, கண்ணிலும் காலிலும் சிறுநீரகத்திலும் பாதிப்பு இன்னும் தொடங்காத ஒருவருக்கு அதுதான் சரியான இடம் என்று உறுதியாகச் சொல்வேன். மெற்போமின், கிளிக்ளசைட், பிறசருக்கும் கொலஸ்திரோலுக்குமான வழமையான குளிசைகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். சைக்கிளில் போய் மத்தியானத்துக்கு முன் திரும்பலாம். ஒரு மாதம் வராவிட்டால் "எங்க ஐயா போன மாதம் காணேல்லை?" என்று கேட்க அங்கே ஆள் இருக்கும். இந்தக் கேள்விக்கு இருக்கும் பலத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். குறை என்னவென்றால், இரத்தப் பரிசோதனை வசதி மட்டானது. வைத்தியர்கள் அடிக்கடி மாற்றலாகிப் போவார்கள். சில மருந்துகள் அங்கே வராது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் பொது மருத்துவ நிபுணரின் கிளினிக் இருக்கிறது. மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் ஆதார வைத்தியசாலைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. இன்சுலின் போடுபவர்கள், இரத்தத்தில் (சிறுநீரகப் பழுதைக் காட்டும்) கிரியற்றினின் கூடியவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இளவயதில் மெலிந்துகொண்டே போய்ச் சீனி பிடிபட்டவர்கள் நிபுணரிடம்தான் போக வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

ஆனால் அந்தக் கிளினிக் நாள் எப்படிப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விடியப் புறப்படும் முதல் பஸ். வெறுவயிறு. நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, வாங்கில் இருந்து, வைத்தியரைக் கண்டு, மருந்து வரிசையில் நின்று வீடு திரும்பும்போது பின்னேரம். நூற்றுக்கணக்கானவரைப் பார்க்கும் வைத்தியருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். ஓர் ஆபத்தும் இருக்கிறது. பலர் வழக்கம்போலக் காலைக் குளிசையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பஸ் ஏறிவிடுகிறார்கள். வரிசையில் நிற்கும்போது வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுகிறார்கள். வெறுவயிற்று இரத்தம் கொடுக்கும் நாளில் காலைக் குளிசையையும் காலை ஊசியையும் கையில் கொண்டுபோங்கள். இரத்தம் கொடுத்த பிறகு, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டோடு எடுங்கள். இரவில் நீண்ட நேர இன்சுலின் போடுபவர்கள் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலர் அறியாத நடுவழி ஒன்று உண்டு. நிலை சீராக இருப்பவர், நிபுணரை மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை மாவட்ட வைத்தியசாலையில் கண்டு, இடைப்பட்ட மாதங்களில் அவர் எழுதிய மருந்தை ஊர் வைத்தியசாலையில் எடுக்கலாம். இதற்கு ஒரு கடிதம் வேண்டும். நீங்கள் கேட்டால்தான் எழுதுவார்கள். கேளுங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே கொப்பியைக் கொண்டுபோங்கள்.

இன்னும் சீனி வருத்தம் என்று முடிவாகாதவர்கள், வெறுவயிற்றுச் சீனி 100 க்கும் 125 க்கும் இடையில் நிற்பவர்கள், 2011 இலிருந்து அரச வைத்தியசாலைகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களுக்குப் போகலாம். தொடக்கத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக வைத்தார்கள்; பிறகு 35 ஆக இறக்கினார்கள். எடை, பிறசர், சீனி மூன்றையும் காசில்லாமல் பார்ப்பார்கள். சென்னையில் வைத்தியர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி நீரிழிவின் விளிம்பில் நின்றவர்கள் உணவையும் நடையையும் மாற்றியதாலேயே நீரிழிவுக்குள் விழுவது ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. எங்களைப் போலச் சோறு சாப்பிடுகிற மக்களிடம் கண்ட முடிவு இது.

தனியார், யாழ்ப்பாணம், சித்த மருத்துவம்

தனியார் கிளினிக்கின் நன்மை நேரம். பின்னேரம் போகலாம், இருந்து பேசலாம். அங்கே இருப்பவர் பெரும்பாலும் பகலில் அரச வைத்தியசாலையில் கண்ட அதே வைத்தியர்தான். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் இழப்பதைவிட அது மலிவாகவும் அமையலாம். ஆனால் மாதா மாதம் கட்டணம், மருந்து, பரிசோதனை என்று மூன்றுக்கும் காசு போகும். ஒரு மாதம் காசில்லாவிட்டால் மருந்து நின்றுவிடும். சில இடங்களில் சிறிய கடதாசிப் பையில் பெயரில்லாமல் குளிசை கட்டிக் கொடுப்பார்கள். அதை ஏற்காதீர்கள். மருந்தின் பெயரும் அளவும் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. இரவில் மயங்கி விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது அந்தப் பெயர்தான் உங்களைக் காப்பாற்றும்.

கையில் இருப்பது கொஞ்சக் காசு என்றால், அதை எதில் போடுவது? மருந்தை அரச கிளினிக்கில் எடுங்கள். அங்கே செய்ய முடியாத, மூன்று மாதச் சீனிக் கணக்கைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையைத் தனியார் ஆய்வுகூடத்தில் வருடத்துக்கு இருமுறை செய்யுங்கள். மிஞ்சினால் குளுக்கோமீற்றர் ஸ்ரிப் வாங்குங்கள். கிளினிக்கில் மருந்து முடிந்து வெளியே வாங்கச் சொன்னால், வணிகப் பெயரைக் கேட்டு அலையாமல் மருந்தின் பொதுப் பெயரைச் சொல்லி வாங்குங்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பொதுப் பெயர் தெரிந்தவர்களுக்குத் தேடுவது சுலபமாக இருந்தது. வைத்தியர் சேனக பிபிலே முன்னின்று 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கியதே ஏழைக்கும் இந்த மருந்துகள் எட்ட வேண்டும் என்பதற்காகத்தான்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எப்போது போவது? ஒரு குறிப்பான கேள்வி இருக்கும்போது. கண்ணுக்கு லேசர் வேண்டுமா, காலில் இரத்த ஓட்டம் எப்படி, எத்தனை மருந்து மாற்றியும் சீனி ஏன் இறங்கவில்லை என்பது போன்ற கேள்வி. உங்கள் வைத்தியரின் கடிதத்தோடு போய், பதிலைக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு திரும்பி வாருங்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருந்துகொண்டு மாத மருந்தையே யாழ்ப்பாணத்துக்கு மாற்றியவர்கள் நாலைந்து மாதத்தில் களைத்து நிறுத்திவிடுவதைத்தான் அதிகம் காண்கிறோம். பளைக்காரருக்கும், 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரிக்காரருக்கும் இது அவ்வளவாகப் பொருந்தாது. அவர்களுக்கு யாழ்ப்பாணம் கிட்ட.

சித்த மருத்துவத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். பாகல், கோவையிலை, பொன்கொறண்டி போன்றவை சீனியைக் கொஞ்சம் இறக்கக்கூடும் என்பதற்கு இலங்கையிலேயே ஆய்வுகள் உண்டு. பாகலையும் கோவையிலையையும் கறியாகச் சாப்பிட ஒரு தடையுமில்லை. அரச சித்த மருந்தகத்தில் பதிவுபெற்ற வைத்தியரிடம் போவதிலும் தவறில்லை. கிளினிக்கில் எடுக்கும் மருந்தை அவருக்கும், அவர் தரும் மருந்தைக் கிளினிக்குக்கும் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சீனி தேவைக்கு மேல் இறங்கலாம். "குளிசையை நிற்பாட்டு, ஊசியை நிற்பாட்டு, மூன்று மாதத்தில் அடியோடு மாற்றுறன்" என்று யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள். இன்சுலினிலேயே உயிர் தங்கியிருப்பவர் அதை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போகும்.

குளிசையா, ஊசியா?

"குளிசை குடிச்சுக் குடிச்சுக் கிட்னி பழுதாப்போகும்" என்ற பயம் வன்னியில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருக்கும் உலர் வலய மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. முல்லைத்தீவிலும் அது காணப்படுகிறது. சீனிக் குளிசை எடுத்த ஒருவருக்கு அந்த நோய் வந்தால், பழி குளிசையில் விழுகிறது. மெற்போமின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. கட்டுப்படாத சீனியும் பிறசரும்தான் பழுதாக்குகின்றன. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு மெற்போமினின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியற்றினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். வயல் வேலை முடிந்து உடம்பு உளைவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபினக் போன்ற நோக் குளிசைகளே சிறுநீரகத்துக்கு உண்மையான எதிரி. அவற்றை விடுங்கள்.

கிளிக்ளசைட் எடுப்பவர்கள் சாப்பாட்டைப் பிந்தவிடக் கூடாது. விடிய வயலுக்கு இறங்கிப் பத்து மணிக்குச் சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கந்தசஷ்டி விரதம், நோன்பு பிடிப்பவர்களுக்கும் இதேதான்; இரண்டு கிழமைக்கு முன்னரே கேளுங்கள். சட்டைப்பையில் எப்போதும் சீனியோ குளுக்கோஸோ இருக்கட்டும். நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பார்த்து, குறையாவிட்டால் திரும்பவும் குடியுங்கள்.

இனி ஊசி. இன்சுலின் எழுதினால் "கடைசிக் கட்டம்" என்று அழுகிற வீடுகள் இருக்கின்றன. நான் மேலே சொன்ன பிரித்தானிய ஆய்விலேயே ஆண்டுகள் போகப் போகப் பெரும்பாலானோருக்கு ஒரு மருந்து போதாமல் போனது. கணையத்தில் இன்சுலின் சுரப்பு வருடா வருடம் குறைந்துகொண்டே போவது இந்த நோயின் இயல்பு. நீங்கள் செய்த குற்றம் அல்ல. குளிசை மூன்று வகை போட்டும் எச்பிஏ1சி 9, 10 என்று நின்றால், இன்னும் ஒரு வருடம் தவணை கேட்பதைவிட ஊசிக்கு மாறுவதே நல்லது. வைத்தியசாலையில் பெரும்பாலும் கிடைப்பது குப்பியில் வரும் கலவை இன்சுலின். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போடுவது. பேனா ஊசி பிடிக்கச் சுகம், அளவு பிழைக்காது, கண் மங்கியவருக்கு உதவி. ஆனால் விலை கூட. பேனா வாங்க முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டி, போடும் இடத்தை மாற்றி மாற்றிப் போட்டால் பலன் குறையாது. ஒரே இடத்தில் போட்டுக் கட்டி விழுந்தால்தான் மருந்து ஒழுங்காக உறிஞ்சாது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை எப்படி வைப்பது? சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் வெயில் கொதிக்கும்போது இது சின்னக் கேள்வி இல்லை. ஒரு பெரிய மண்சட்டி, அதற்குள் ஒரு சின்ன மண்சட்டி, இரண்டுக்கும் நடுவில் மணல். காலையும் பின்னேரமும் மணலை நனையுங்கள். குப்பியை மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு உள்சட்டிக்குள் வைத்து, ஈரத் துணியால் மூடி, காற்று வரும் நிழலில் வையுங்கள். ஈரம் ஆவியாகும்போது உள்ளே சில பாகை குறையும். கென்யாவின் அகதி முகாம் ஒன்றில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் செய்து 2021 இல் வெளியிட்ட ஆய்வு, 25 க்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறி இறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் நான்கு கிழமை வீரியம் இழக்கவில்லை என்று காட்டியது. திறந்த குப்பியில் திறந்த திகதியை எழுதி, நாலு கிழமையில் எறிந்துவிடுங்கள். திறக்காத குப்பிகளைக் கிளினிக்கிலோ குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டிலோ கேட்டு வையுங்கள். உறைய விடும் தட்டில் மட்டும் வைக்கவே வேண்டாம்.

யாரிடம் படிப்பது?

மருந்து பாதி, அறிவு பாதி. இலங்கை மருத்துவச் சங்கத்தின் நிரோகி லங்கா திட்டத்தில் நீரிழிவுக் கல்விக்கென்றே தாதியர்கள் பயிற்றப்பட்டார்கள். உங்கள் வைத்தியசாலையில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் வைத்தியரைவிட அவரோடுதான் கூட நேரம் இருக்க வேண்டும். யூடியூப்பும் வாட்ஸ்அப்பும் பத்து விடயம் சொன்னால் நாலு பிழை, எது பிழை என்று தெரியாது. தாதியிடம் கேட்டால் உங்கள் குளிசையைப் பார்த்துப் பதில் வரும்.

"ஐயா, ராவைக்கு என்ன சாப்பிடுறனீங்கள்?"

"அது பிள்ளை, மகள் தாறதைச் சாப்பிடுறது."

"அப்ப அடுத்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கிளினிக்கில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. அந்தத் தாதி சொல்வதுதான் சரி. சமைப்பவர் கேட்காத அறிவுரை அடுப்படிக்குப் போகாது. பெண் தலைமை தாங்கும் வீடுகளில் வேறு சிக்கல்: அந்த அம்மாதான் நோயாளி, அவதான் சமையல், பிள்ளைகளுக்குக் கறியை வைத்துவிட்டுச் சோறும் சொதியும் சாப்பிடுறா. அவவுக்கு இன்னொரு உணவுப் பட்டியல் தேவையில்லை. மீன் துண்டிலும் முருங்கையிலை வறையிலும் அவவுக்கும் ஒரு பங்கு வேண்டும்.

உணவில் நீண்ட விவாதம் தேவையில்லை. வெள்ளையரிசியா குத்தரிசியா என்றால் தவிடு போகாத சிவப்புக் குத்தரிசி மேல். ஆனால் மலைபோலக் குவித்தால் எந்த அரிசியும் ஒன்றுதான். கோப்பையில் பாதி மரக்கறியும் இலைக்கறியும், காற்பங்கு மீன் அல்லது பருப்பு, காற்பங்கு சோறு. குரக்கன் பிட்டு நல்லது. குரக்கன் கூழ் வேகமாகச் சீனியை ஏற்றும். பனங்கட்டியும் சீனிதான், தேனும் சீனிதான். தேத்தண்ணியைச் சீனியில்லாமல் குடிக்கப் பழக ஒரு மாதம் போதும்.

விரலில் குத்துவதா, ஆய்வுகூடமா?

இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். குளுக்கோமீற்றர் இந்த நேரத்துச் சீனியைச் சொல்லும். ஊசி போடுபவருக்கும், சீனி திடீரென இறங்குபவருக்கும் அது வீட்டில் இருக்க வேண்டும். குளிசை மட்டும் எடுப்பவர் தினமும் குத்த வேண்டியதில்லை. எச்பிஏ1சி மூன்று மாதக் கணக்கைச் சொல்லும். கிளினிக்குக்கு முன் இரண்டு நாள் பத்தியம் இருந்து வெறுவயிற்றுச் சீனியைக் குறைத்துக் காட்டலாம், எச்பிஏ1சியை ஏமாற்ற முடியாது. பெரும்பாலானோருக்கு 7 க்குக் கீழ் இருப்பது இலக்கு. தனியாக வாழும் முதியவருக்கு 8 போதும். அவருக்குச் சீனி இறங்கி விழுவதே பெரிய ஆபத்து. இரத்தச்சோகை உள்ளவர்களிடம் இந்த அளவு பிழையாகக் காட்டலாம் என்பதையும் வைத்தியருக்கு நினைவூட்டுங்கள்.

கால்

வன்னியில் இதைத் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. ஷெல்லிலும் மிதிவெடியிலும் ஒரு காலை இழந்தவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். யுத்தம் முடிந்தபோது இருபதுகளில் இருந்தவர்களுக்கு இப்போது சீனி வருத்தம் தொடங்கும் வயது. அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரு கால்தான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. செயற்கைக் கால் உரசும் அடிக்கட்டையில் உணர்ச்சி குறைந்தால் புண் வந்தது தெரியாது. அப்படியானவர்கள் சீனியைப் பார்ப்பதோடு நிற்காமல், கிளினிக்கில் இரண்டு காலையும், அதாவது செருப்பைக் கழற்றி மிஞ்சிய பாதத்தையும், செயற்கைக் காலைக் கழற்றி அடிக்கட்டையையும் காட்ட வேண்டும். வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. உடம்பு மெலிந்தாலோ பருத்தாலோ செயற்கைக் கால் இறுக்கம் மாறும். புண் வரும்வரை பொறுக்காமல் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் போன்ற இடத்தில் சரிசெய்யுங்கள்.

மற்ற எல்லாருக்கும்: இரவில் படுக்கமுன் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், அடிப்பாதத்துக்குக் கண்ணாடி பிடியுங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு வரம்பில் நடக்காதீர்கள். முள் குத்தினால் மண்ணெண்ணெய் பூசாதீர்கள், பச்சிலை கட்டாதீர்கள். கண் மங்கும்வரை காத்திராமல் வருடத்துக்கு ஒருமுறை கண் கிளினிக்குக்குப் போங்கள்.

கிளினிக் நாள் வரும்வரை பொறுக்கக் கூடாத சில உண்டு. காலில் சிவந்து வீங்கிய அல்லது மணக்கும் புண், காய்ச்சலோடு சீனி கூடிச் சத்தி எடுப்பது, நெஞ்சு அடைப்பது, மூச்சு வாங்குவது, பேச்சுக் குழறுவது, சீனித் தண்ணி குடித்தும் தெளியாத மயக்கம். இவற்றில் எது வந்தாலும் இரவோ பகலோ 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது. ஏறும்போது கிளினிக் கொப்பியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.